தரச்சான்று பெற்ற பழைய பேஸ்பால் அட்டைகள்: அவற்றின் விலை எதன் மீது நிற்கிறது?

2022 ஆகஸ்டில், மிக்கி மேன்டில் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் படம் அச்சிட்ட ஓர் அட்டை ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 1.26 கோடி டாலருக்கு விலைபோனது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த அட்டையை 1952-இல் டாப்ஸ் நிறுவனம் சூயிங்கம் பொட்டலத்துக்குள் வைத்துச் சிறுவர்களுக்குச் சில்லறைக் காசுக்கு விற்றது. ஏலத்துக்குக் கொண்டுவந்தவர் அதை 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். முப்பத்தோரு ஆண்டுகளில் ஏறத்தாழ 250 மடங்கு.

இத்தகைய செய்திகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: அட்டை பழையதாக இருக்க வேண்டும், ஒரு நிறுவனம் அதற்கு உயர்ந்த எண் தர வேண்டும், பிறகு காத்திருந்தால் விலை தானாக ஏறிவிடும். இந்த முடிவில் பழமை, தரம், விலை என்ற மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த அட்டையின் மதிப்பு நீண்ட காலம் நிலைக்கக்கூடியது, எது ஒரே ஆண்டில் சரியக்கூடியது என்பது விளங்கும்.

சிகரெட்டிலிருந்து சூயிங்கம் வரை

இன்று பெரும் விலைக்குப் போகும் பழைய அட்டைகள் சேமிப்பதற்கென்று அச்சிடப்பட்டவை இல்லை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் பொட்டலங்களில் வைத்த அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் ‘டி206’ தொகுப்பு என்கிறார்கள். பொட்டலம் நசுங்காமல் இருக்க ஒரு தடித்த தாள் தேவைப்பட்டது. அதிலேயே வீரரின் படத்தையும் விளம்பரத்தையும் அச்சிட்டுவிட்டார்கள். 1930-களில் கௌடி நிறுவனமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் போமன், டாப்ஸ் ஆகியவையும் சூயிங்கத்துடன் அட்டைகளைத் தந்தன.

சிறுவர்கள் அவற்றை ரப்பர் பட்டையால் கட்டி வைத்தார்கள், சுவரை நோக்கி வீசி விளையாடினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கிடையே செருகி ஓசை எழுப்பினார்கள். வீடு மாறும்போது பெற்றோர் பெட்டியோடு குப்பையில் போட்டார்கள். இப்படித் தப்பிப் பிழைத்த அட்டைகளிலும் கூர்மையான மூலைகளோடு இருப்பவை மிகக் குறைவு. பழைய அட்டையின் மதிப்புக்கு அடித்தளமாக இருப்பது இந்த அழிவு. ‘விண்டேஜ்’ அட்டை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1980-க்கு முந்தைய அட்டை. அந்த எல்லைக் கோட்டுக்கான காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

எண் எதைச் சொல்கிறது?

ஓர் அட்டை எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதை, அதை வாங்கவோ விற்கவோ செய்யாத மூன்றாவது தரப்பு ஒன்று ஆராய்ந்து, 1 முதல் 10 வரை ஓர் எண் தருவதற்குத்தான் ‘கிரேடிங்’ என்று பெயர். அட்டை உண்மையானதா, யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா என்பது முதலில் பார்க்கப்படுகிறது. அதன்பின் நான்கு கூறுகள் ஆராயப்படுகின்றன: படம் நான்கு பக்க வெள்ளை ஓரங்களுக்கு நடுவே சரியாக அமர்ந்திருக்கிறதா, மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா, ஓரங்கள் பிசிறில்லாமல் இருக்கின்றனவா, மேற்பரப்பில் மடிப்போ கறையோ கீறலோ உண்டா என்பவை அவை. முடிவில் அட்டை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் நிரந்தரமாக அடைக்கப்பட்டு, எண்ணும் சான்றிதழ் இலக்கமும் கொண்ட சீட்டு உள்ளே வைக்கப்படுகிறது. அந்த உறையைச் சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்கிறார்கள். உறையை உடைக்காமல் அட்டையை வெளியே எடுக்க முடியாது.

இந்த முறை பரவுவதற்கு முன், அட்டையின் நிலையை விற்பவரே சொல்ல வேண்டியிருந்தது. தபாலில் வாங்கியவர் ‘புத்தம் புதியது’ என்ற சொல்லை நம்பிப் பணம் அனுப்பிவிட்டு, மழுங்கிய மூலைகளோடு வந்த அட்டையைப் பார்த்து வருந்துவது வழக்கமாக இருந்தது. நாணயச் சேகரிப்பில் 1986 முதல் நடந்துவந்த தரச்சான்று முறையை அடியொற்றி, 1991-இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் அட்டைகளுக்குத் தரச்சான்று தரத் தொடங்கியது. 1990-களின் இறுதியில் எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகியவையும் வந்தன. 2024-இல் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமே எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது.

நகைக்கடையில் நாம் பார்க்கும் 916 ஹால்மார்க் முத்திரையோடு இதை ஒப்பிடலாம். அந்த முத்திரை தங்கத்தின் தூய்மையைச் சொல்கிறது. இன்றைய தங்க விலை என்ன, பத்து ஆண்டுக்குப் பின் என்னவாகும் என்பதைச் சொல்வதில்லை. அட்டையின் எண்ணும் அப்படித்தான்: நிலையைச் சொல்கிறது, விலையைச் சொல்வதில்லை. ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது, அந்த முறிவு முக்கியமானது. தங்கத்தின் தூய்மையை ஆய்வகத்தில் அளக்க முடியும். யார் அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும். அட்டையின் எண்ணோ பயிற்சி பெற்ற கண்கள் வந்தடைந்த கருத்து. இன்று 7 பெற்ற அட்டையை உறையிலிருந்து பிரித்து மறுபடி அனுப்பினால் அது 8 பெறவும் கூடும், 6 பெறவும் கூடும். உயர்ந்த எண் கிடைக்குமென்று அட்டைகளைப் பிரித்துத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்கள் இருப்பதே இதற்குச் சான்று.

சுருங்கச் சொன்னால், கிரேடிங் இரண்டு வேலைகளைச் செய்கிறது: போலியைப் பெரும்பாலும் தடுக்கிறது, ஒருவரையொருவர் அறியாத இருவர், அட்டையைத் தொட்டுப் பார்க்காமலே ஒரே அளவுகோலில் பேரம் பேச வழி செய்கிறது. விலையை நிர்ணயிப்பது வேறு ஆற்றல்கள்.

அரிதாக இருப்பதில் இரண்டு வகை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சில அட்டைகள் எந்த நிலையிலும் கிடைப்பதில்லை. டி206 தொகுப்பில் உள்ள ஹோனஸ் வாக்னர் அட்டை இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான வாக்னர் தன் படத்தைப் பயன்படுத்த ஒப்பாததால் அதன் அச்சு விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிகரெட்டோடு தன் படம் சிறுவர்களைச் சென்றடைவதை அவர் விரும்பவில்லை என்றும், தனக்குப் பணம் தராததை எதிர்த்தார் என்றும் இரண்டு விளக்கங்கள் உண்டு. காரணம் எதுவாயினும், இன்று அறியப்பட்ட பிரதிகள் ஐம்பது, அறுபது அளவில்தான் இருக்கும். அவற்றுள் பத்துக்கு வெறும் 2 எண் பெற்ற ஒரு பிரதி 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. மூலைகள் மழுங்கிய, தேய்ந்த அட்டைக்கு அந்த விலை. இங்கே எண் ஒரு துணைச் செய்திதான். மதிப்பு அட்டையின் பிறப்பிலேயே இருக்கிறது.

வேறு சில அட்டைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் நல்ல நிலையில் மட்டும் கிடைப்பதில்லை. 1952 டாப்ஸ் மேன்டில் பெருமளவுக்கு இந்த வகையைச் சேர்ந்தது. பி.எஸ்.ஏ. மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளுக்கு எண் தந்திருக்கிறது. அவற்றுள் 10 பெற்றவை மூன்றே. 9 பெற்ற ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்குப் போனது. முதலில் சொன்ன 1.26 கோடி டாலர் அட்டை எஸ்.ஜி.சி.யிடம் 9.5 பெற்றது. அளவுகோலின் அடியில் 1-லிருந்து 2-க்குப் போகும்போது விலை ஓரளவே கூடுகிறது. உச்சியில் அரைப் புள்ளி வித்தியாசம் பல லட்சங்களையும் கோடிகளையும் தாண்டுகிறது. ஏனென்றால் உச்சியில் போட்டியிடும் பணக்காரர்கள் வாங்க விரும்புவது ‘மேன்டில் அட்டை’ ஒன்றையன்று, ‘இருப்பவற்றில் சிறந்த மேன்டில் அட்டை’யை.

முதல் வகையைப் பிறப்பால் அரிது என்றும், இரண்டாவதை நிலையால் அரிது என்றும் அழைத்துக்கொள்வோம். பிறப்பால் அரிதான அட்டையின் மதிப்பு, எண் தருபவரின் கண்ணைச் சார்ந்ததில்லை. 2 என்பது 1.5 ஆனாலும் அது வாக்னர்தான். நிலையால் அரிதான அட்டையின் மதிப்போ, அதே எண்ணோ அதைவிட உயர்ந்த எண்ணோ பெற்ற பிரதிகள் இனியும் வெளிவராமல் இருப்பதைச் சார்ந்தது. நீண்ட காலக் கண்ணோட்டத்தில் இந்த வேறுபாடுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரதிகளின் கணக்கு எப்படி மாறுகிறது?

ஒவ்வோர் அட்டைக்கும் எந்தெந்த எண்ணில் எத்தனை பிரதிகள் சான்று பெற்றிருக்கின்றன என்ற பட்டியலைக் கிரேடிங் நிறுவனங்கள் வெளியிடுகின்றன. இதைப் ‘பாப்புலேஷன் ரிப்போர்ட்’ என்பார்கள். ‘இந்த எண்ணில் உலகில் நான்குதான் உண்டு’ என்று விற்பவர் சொல்லும்போது அவர் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான். உண்மையில் அது உலகில் உள்ள பிரதிகளின் கணக்கே அன்று. இதுவரை அனுப்பப்பட்டு எண் பெற்றவற்றின் கணக்கு. பிரித்து மறுபடி அனுப்பப்பட்ட அட்டை இரண்டு முறை பதிவாகியிருக்கவும் கூடும். புதிய பிரதிகள் சேரச் சேரக் கணக்கு பெரும்பாலும் ஏறிக்கொண்டுதான் போகும்.

2012-இல் ஓஹியோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் நகரில், ஒரு பழைய வீட்டின் பரணில் அழுக்கடைந்த பெட்டிக்குள் ‘இ98’ என்ற 1910-ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்த சுமார் 700 அட்டைகள் கிடைத்தன. ஒரு நூற்றாண்டாக யாரும் தொடாததால் அவை நேற்று அச்சிட்டவை போலிருந்தன. டை காப், வாக்னர் போன்ற புகழ்பெற்ற வீரர்களின் அட்டைகள் பி.எஸ்.ஏ.யிடம் அதுவரை அந்தத் தொகுப்புக்குக் கிட்டாத எண்களைப் பெற்றன. கண்டெடுத்த குடும்பத்துக்கு அது பெரும் நற்பேறு. ஆனால் அதே தொகுப்பில், நடுத்தர எண் பெற்ற ஓர் அட்டையை ‘இருப்பவற்றில் சிறந்தது’ என்று நம்பி அதற்கு முந்தைய ஆண்டு வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருடைய அட்டையில் எதுவும் மாறவில்லை. மாறியது பட்டியலில் அதற்கிருந்த இடம்.

சான்று தவறிய வரலாறு

பி.எஸ்.ஏ.வின் முதல் சான்றிதழ் இலக்கம் எந்த அட்டைக்குத் தரப்பட்டதோ அந்த அட்டையின் கதை, கிரேடிங்கின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. அதுவும் ஒரு டி206 வாக்னர். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் தன் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கியதால் அது ‘கிரெட்ஸ்கி வாக்னர்’ என்று பெயர் பெற்றது. பி.எஸ்.ஏ. அதற்கு 8 என்ற எண்ணைத் தந்தது. வேறெந்த வாக்னரும் அந்த எண்ணை நெருங்கவில்லை. கைமாறிக் கைமாறி 2007-இல் 28 லட்சம் டாலரை எட்டியது. ஆனால் அதன் ஓரங்கள் இயல்புக்கு மீறிக் கூர்மையாக இருக்கின்றன என்ற ஐயம் தொடக்கத்திலிருந்தே பேசப்பட்டது. 1980-களில் அந்த அட்டையை விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வணிகர், தன் ஏல நிறுவனத்தின் மோசடி வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு எண்ணே தரக்கூடாது என்பது விதி.

இந்தக் கதையிலிருந்து கிரேடிங்கே பயனற்றது என்ற முடிவுக்குப் போவது தவறு. அந்நாளைவிட இன்று கருவிகளும் அனுபவமும் மிகுந்துள்ளன. சான்றில்லாத விலையுயர்ந்த அட்டையைப் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது இன்றும் ஆபத்துதான். ஆயினும் 2019-இல் ஆர்வலர்கள் பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, வெட்டப்பட்ட, கறை நீக்கப்பட்ட பல அட்டைகள் நல்ல எண்களோடு உறைக்குள் இருப்பதைக் காட்டினார்கள். எனவே அனுபவமுள்ளவர்கள் சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் அட்டையையே உற்றுப் பார்க்கிறார்கள். ஒரே எண் பெற்ற இரண்டு அட்டைகளில், படம் நடுவில் அமர்ந்து நிறம் பளிச்சென்றிருப்பது கூடுதல் விலைக்குப் போவதும் இதனால்தான்.

தேவை எங்கிருந்து வருகிறது?

அரிதாக இருப்பது மட்டும் விலை தராது. 1952 டாப்ஸ் தொகுப்பின் 407 அட்டைகளில், 311-இல் தொடங்கும் கடைசி வரிசை பருவத்தின் இறுதியில் வெளிவந்ததால் கடைகள் குறைவாகவே வாங்கின. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அந்தத் தொகுப்பை உருவாக்கிய சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேன்டில் அட்டையின் எண் 311. ஆனால் அச்சுத் தாளில் அது இரண்டு முறை இடம்பெற்றதால், அதே வரிசையிலுள்ள பெரும்பாலான அட்டைகளைவிட அது இருமடங்கு அச்சிடப்பட்டது. அதைவிடக் குறைவாக அச்சான பக்கத்து அட்டைகளில் பலவற்றை அதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே வாங்கிவிடலாம். அது மேன்டிலின் முதல் அட்டைகூட இல்லை. 1951-இல் போமன் வெளியிட்டதுதான் அவருடைய ‘ரூக்கி அட்டை’, அதாவது வீரராக அறிமுகமான காலத்து அட்டை. இருந்தும் 1952 அட்டைதான் பல மடங்கு விரும்பப்படுகிறது. மேன்டில் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் புகழ், போருக்குப் பிந்தைய தலைமுறையின் இளமை நினைவு, பெரிய வண்ணப் படம் கொண்ட அந்தத் தொகுப்பின் அழகு ஆகிய மூன்றும் அதில் சந்திக்கின்றன.

இன்றைய இளம் வீரரின் அட்டையை வாங்குபவர், அவர் காயமடைவாரா, சோபிப்பாரா என்று தெரியாமல் வாங்குகிறார். பழைய அட்டையில் அந்த ஐயம் இல்லை. வாக்னரின் ஆட்டம் 1917-இல் முடிந்துவிட்டது, 1936-இல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ஐவரில் அவர் ஒருவர். ஆனால் மதிப்பீடு முற்றிலும் உறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நிறவெறியால் அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆட விடாமல் ஒதுக்கப்பட்ட கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக் பதிவுகளை 2024-இல் மேஜர் லீக் பேஸ்பால் தன் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்த்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பைத் தாண்டி ஜாஷ் கிப்சன் முதலிடம் பெற்றார். அமெரிக்க அட்டை நிறுவனங்கள் அவர் ஆடிய காலத்தில் அவரைப் புறக்கணித்தன. அவருடைய மிகப் புகழ்பெற்ற அட்டை, அவர் இறந்த பின் பியூர்ட்டோ ரிக்கோவில் வெளியானது. அநீதியான ஒரு வரலாறு திருத்தப்படும்போது அந்தச் சின்னஞ்சிறு தாள்களின் இடமும் மாறுவது நியாயமே.

ஆக, விலைக்கு மூன்று கால்கள்: எத்தனை எஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் விரும்புகிறார்கள். கிரேடிங் இரண்டாவதை மட்டுமே அளக்கிறது.

1980 ஏன் எல்லைக் கோடு?

1981 முதல் ஃபிளீர், டான்ரஸ் நிறுவனங்களும் சந்தைக்கு வந்து டாப்ஸின் தனி ஆதிக்கத்தை முடித்தன. பழைய அட்டைகளின் விலை ஏறுவதைக் கண்ட மக்கள், புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. 1980-களின் பிற்பகுதியும் 1990-களின் தொடக்கமும் சேர்ந்த இக்காலத்தைச் சேகரிப்பாளர்கள் ‘ஜங்க் வேக்ஸ்’ (குப்பை மெழுகு) காலம் என்று கசப்போடு அழைக்கிறார்கள். எல்லாரும் பாதுகாத்ததால் எதுவும் அரிதாகவில்லை. 1989-இல் அப்பர் டெக் நிறுவனம் வெளியிட்ட, கென் கிரிஃபி ஜூனியர் என்ற வீரரின் அட்டை மிகவும் விரும்பப்படுவது. ஆனால் அதில் 10 பெற்ற பிரதிகளே ஆயிரக்கணக்கில் உண்டு. அக்காலத்துச் சாதாரண அட்டைகளுக்குக் கிரேடிங் கட்டணம் கட்டினால், அந்தக் கட்டணம்கூடத் திரும்பாது.

நீண்ட காலக் கணக்கைப் போடும் முறை

50,000 டாலர் 1.26 கோடி ஆனதை ஆண்டுக்கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 19.5 சதவீதக் கூட்டு வளர்ச்சி. கிரெட்ஸ்கி வாக்னர் 1991-க்கும் 2007-க்கும் இடையே கண்டது சுமார் 12 சதவீதம். இரண்டும் சிறந்தவை, ஆனால் இரண்டும் உச்சியிலிருந்து எடுத்தவை. விலை தேங்கிய, இறங்கிய எண்ணற்ற அட்டைகள் செய்தியாவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வாங்குவோர் கூட்டம் திடீரெனப் பெருகி, 2021-இல் அட்டைகள் மலைபோல் குவிந்ததால் பி.எஸ்.ஏ. தன் மலிவுக் கட்டணச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அந்த உச்சத்தில் வாங்கிய பலர் அடுத்த ஆண்டே பெரும் சரிவைக் கண்டார்கள். புதிய அட்டைகளில் சரிவு கடுமையாகவும், பிறப்பால் அரிதான பழைய அட்டைகளில் மிதமாகவும் இருந்தது.

செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏலத்தில் ஓர் அட்டை 10,000 டாலருக்கு முடிகிறது என்று கொள்வோம். வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குத் தரும் கூடுதல் தொகை 20 சதவீதம் என்றால், அவர் கையிலிருந்து போவது 12,000. பின்னால் அதே வழியில் விற்று அந்த 12,000-ஐத் திரும்பப் பெற, ஏலம் 12,000-இல் முடிய வேண்டும். அடுத்தவர் 14,400 தர வேண்டும். அதாவது சந்தை 20 சதவீதம் ஏறினால்தான் முதலே மீளும். அட்டை வட்டியோ ஈவுத்தொகையோ தருவதில்லை. காப்பீடும் பாதுகாப்புப் பெட்டக வாடகையும் ஆண்டுதோறும் உண்டு. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் சேகரிப்புப் பொருள்களின் ஆதாயத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கான உச்ச விகிதத்தைவிட அது அதிகம்.

இவற்றையெல்லாம் தாண்டி, அமெரிக்காவில் வாழும் உறவினர் வீட்டிலோ பழைய பொருள் விற்பனையிலோ 1970-க்கு முந்தைய அட்டை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதைத் துடைக்காதீர்கள், மடிப்பை நீவாதீர்கள், ஓரத்தைச் சீராக்காதீர்கள். மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட்டு, கெட்டியான வெளியுறைக்குள் வையுங்கள். பிறகு அதே அட்டை, அதே போன்ற நிலையில், கடந்த சில மாதங்களில் உண்மையில் விற்ற விலைகளைத் தேடிப் பாருங்கள். கேட்கும் விலைகளைப் பொருட்படுத்த வேண்டாம். குறைந்த எண் பெற்றாலும் கிடைக்கக்கூடிய விலையானது கிரேடிங் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையைத் தெளிவாகத் தாண்டினால் மட்டும் அனுப்புங்கள்.